ஒப்பமிடும் கைக்குச் சொல் தெரிய வேண்டும்

வணிகருக்கான உயர் ஆங்கிலச் சொல்வளம்: எதைக் கற்பது, எப்படிக் கற்பது?

கடனுக்குப் பிணை நிற்பது எமது சமூகத்தில் சர்வசாதாரணமான விடயம். மச்சானுக்குக் கடையை விஸ்தரிக்கப் பணம் தேவைப்படுகிறது. வங்கி பிணையாளிகளைக் கேட்கிறது. உறவுக்காக ஒருவரும் நட்புக்காக இன்னொருவரும் போய் ஒப்பமிடுகிறார்கள். பத்திரம் பத்துப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம். "எங்க சைன் வைக்கிற?" என்பதைத் தவிர வேறு கேள்வி எதுவும் அங்கே எழுவதில்லை.

அந்தப் பக்கங்களுக்குள் பெரும்பாலும் 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' என்றொரு தொடர் இருக்கும். 'செவரல்' என்றால் 'பல' என்று பாடசாலையில் படித்தவர், 'பல பேர் சேர்ந்து பொறுப்பு' என்று அதை விளங்கிக் கொள்வார். சட்ட ஆங்கிலத்தில் 'செவரலி' என்பதன் பொருள் 'தனித்தனியாக' என்பதாகும். அதாவது, கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. மூவர் சேர்ந்து 30 இலட்சம் ரூபாவுக்கு இவ்வாறு ஒப்பமிட்டால் ஆளுக்கு 10 இலட்சம் என்பது கணக்கல்ல. மூவரில் வசதியான ஒருவரிடமே 30 இலட்சத்தையும் கோருவதற்கு வங்கிக்கு உரிமை உண்டு. செலுத்தியவர் மற்ற இருவரிடமிருந்து அவரவர் பங்கை அறவிட்டுக் கொள்வது அவருடைய பாடு.

இன்னும் ஒரு வரி இருக்கும். இலங்கையில் நடைமுறையிலுள்ள உரோமன் டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புகளை வழங்குகிறது. முதலில் கடனாளியிடமே சென்று அறவிட முயல வேண்டும், அது முடியாதபோதுதான் பிணையாளியிடம் வர வேண்டும் என்பது ஒன்று. பல பிணையாளிகள் இருந்தால் ஒவ்வொருவரும் தத்தமது பங்கை மாத்திரம் செலுத்தினால் போதும் என்பது மற்றையது. இவற்றை 'எக்ஸ்கஷன்', 'டிவிஷன்' என்ற இலத்தீன் வழிச் சொற்களால் குறிப்பிடுவர். வங்கிகளின் பிணைப் பத்திரங்களில் இவ்விரு சலுகைகளையும் நான் 'ரினவுன்ஸ்' செய்கிறேன், அல்லது 'வேவ்' செய்கிறேன் என்று எழுதப்பட்டிருப்பது வழமை. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: 'எனக்குள்ள உரிமையை நானாகவே விட்டுக் கொடுக்கிறேன்.' ஒப்பமிட்டவருக்கு அந்தச் சொல் தெரியாது. எனவே, தான் எதை விட்டுக் கொடுத்தோம் என்பதும் தெரியாது.

உயர் ஆங்கிலச் சொல்வளம் என்றவுடன் எம்மில் பலர் மேடையில் முழங்கும் நீளமான சொற்களையே நினைக்கிறோம். வணிகருக்கு வேண்டிய சொல்வளம் அதுவல்ல. தன் பணத்தையும் காணியையும் பெயரையும் கட்டிப்போடுகின்ற சொற்களின் சரியான பொருளை அறிந்திருப்பதே அவருக்கு உயர் சொல்வளம்.

மார்க்கம் காட்டும் வழி

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம், தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதனை எழுதிக் கொள்ளுமாறு பணிக்கிறது. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுப்பவரல்ல, அந்தப் பொறுப்பைச் சுமப்பவரே சொல்ல வேண்டும். அவருக்கு இயலாதெனில் அவருடைய பொறுப்பாளர் நீதியாகச் சொல்ல வேண்டும். அதாவது, பொறுப்பேற்பவர் தான் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதை அறிந்தே ஏற்க வேண்டும். இன்று வாசகத்தைக் கடன் கொடுப்பவர் தயாரிக்கிறார். சுமப்பவரால் அதை வாசிக்கவும் முடிவதில்லை.

அன்னிய மொழி கற்பதற்கும் எமது வரலாற்றிலேயே முன்மாதிரி இருக்கிறது. யூதர்களுடனான கடிதப் போக்குவரத்துக்கு அவர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களைப் பணித்தார்கள். தமது கடிதங்களின் விடயத்தில் பிறரை நம்பியிருக்க முடியாது என்பதே அதற்கான காரணமாகக் கூறப்பட்டது. ஸைத் (ரழி) அவர்கள் அரை மாதம் கழிவதற்குள் அதனைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்று திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. தேவை தெளிவாக இருந்தது. கற்க வேண்டியதும் தெளிவாக இருந்தது. மொழி கற்கும் எவருக்கும் இந்த இரண்டும்தான் ஆரம்பம்.

எமது நாட்டில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் ஆங்கிலம் இணைப்பு மொழியாக்கப்பட்டது. ஆனால் வர்த்தகத்தைப் பொறுத்தவரை ஆங்கிலம் வெறும் இணைப்பு மொழியல்ல. ஒப்பந்தம், காப்புறுதி, நாணயக் கடிதம், கப்பல் ஆவணம் யாவும் அதில்தான் எழுதப்படுகின்றன. இஸ்லாமிய நிதிச் சேவைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. முராபஹா, இஜாரா என்று தலைப்பு அறபியில் இருக்கும். உள்ளே இருக்கும் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருக்கும்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கிலத்தில் இலட்சக்கணக்கான சொற்கள் இருக்கின்றன, எங்கே போய்க் கற்று முடிப்பது என்று மலைப்பவர் பலர். ஆய்வாளர்கள் தரும் கணக்கு ஆறுதலானது.

டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அதிபராகப் பணியாற்றிய மைக்கல் வெஸ்ட் என்பவர் 1953இல் சுமார் 2,000 சொற்களைக் கொண்ட பொதுப் பட்டியலொன்றை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் ஏறத்தாழ 80 வீதத்தை அந்தப் பட்டியலே தழுவிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட், உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அவை அத்தகைய நூல்களின் சொற்களில் சுமார் 10 வீதமாகின்றன. அகராதியைப் புரட்டாமல் ஆங்கிலப் பத்திரிகையையோ நாவலையோ வாசிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது பேராசிரியர் போல் நேஷன் 2006இல் வெளியிட்ட கணிப்பு.

இதிலிருந்து விளங்குவது என்ன? க.பொ.த. சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்த ஒருவர் அடித்தளத்தின் பெரும்பகுதியை ஏற்கனவே போட்டுவிட்டார். மிகுதியில் எல்லாமே அவருக்கு அவசரமாகத் தேவைப்படுவதில்லை. நாவல் வாசிப்பவருக்கு வேண்டிய சொற்கள் வேறு, நகைக்கடை நடத்துபவருக்கு வேண்டியவை வேறு. தன் தொழிலுக்குரிய ஓராயிரம் சொற்களைத் திருத்தமாகக் கற்றவருக்கு முன்னால் ஒரு புதிய உலகமே திறந்துவிடும்.

தெரிந்த சொல்லின் தெரியாத முகம்

தெரியாத சொல் ஆபத்தானதல்ல. தெரியாது என்பது தெரிவதால் அகராதியைப் பார்ப்போம், அல்லது யாரிடமாவது கேட்போம். தெரிந்தது போலத் தோன்றும் சொல்தான் ஆபத்தானது. சில உதாரணங்களைப் பாருங்கள்.

'அட்வைஸ்' என்றால் ஆலோசனை. ஆனால் வங்கி மொழியில் அது 'அறிவித்தல்'. வெளிநாட்டுக் கொள்வனவாளர் திறந்த நாணயக் கடிதத்தை உள்ளூர் வங்கி உங்களுக்கு 'அட்வைஸ்' செய்தால், 'இப்படியொரு கடிதம் வந்திருக்கிறது, பார்வைக்கு உண்மையானதாகத் தெரிகிறது' என்பது மட்டுமே பொருள். பணம் தருவதாக அந்த வங்கி வாக்களிக்கவில்லை. அதே வங்கி 'கொன்ஃபேர்ம்' செய்தால், கடிதம் திறந்த வங்கியின் பொறுப்புக்கு மேலதிகமாகத் தானும் பணம் தரும் பொறுப்பை ஏற்கிறது. பொருளாதாரம் தளம்பும் நாடொன்றுக்குச் சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளருக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு முழுக் கொள்கலனின் பெறுமதி.

'சேங்ஷன்' என்ற சொல் இரண்டு எதிர்த் திசைகளில் பாயக்கூடியது. கடன் 'சேங்ஷன்' ஆனது என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நாட்டின் மீது 'சேங்ஷன்' என்றால் தடை. 'அவுட்ஸ்டேண்டிங்' என்று பிள்ளையின் பாடசாலை அறிக்கையில் வந்தால் மகிழலாம். விநியோகத்தர் அனுப்பும் கணக்குக்கூற்றில் வந்தால் அது இன்னும் செலுத்தப்படாத நிலுவை.

'எவரேஜ்' என்ற சொல்லைச் சராசரி என்றே நாம் அறிவோம். கடல் காப்புறுதியில் அதன் பொருள் 'சேதம், இழப்பு'. 'ஜெனரல் எவரேஜ்' என்பது கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்றுவதற்காக ஏற்படும் செலவையும் இழப்பையும் சரக்குரிமையாளர் அனைவரும் கப்பல் உரிமையாளருடன் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் விதியாகும். 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள பாலத்தில் மோதிய 'டாலி' கப்பல் எமது கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்ட கப்பலாகும். அடுத்த மாதமே அதன் உரிமையாளர்கள் 'ஜெனரல் எவரேஜ்' பிரகடனம் செய்தார்கள். அப்படி ஒரு பிரகடனம் வந்துவிட்டால், ஒரு கீறலும் படாத கொள்கலனின் சொந்தக்காரரும் பணமோ உத்தரவாதமோ கொடுத்த பின்னரே தன் சரக்கை எடுக்கலாம். காப்புறுதி இருந்தால் காப்புறுதி நிறுவனம் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கும். 'என் சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லையே, காப்புறுதி எதற்கு?' என்று கேட்பவர் அந்தச் சொல்லின் இரண்டாவது முகத்தைக் கண்டதில்லை.

'சீ.ஐ.எஃப்.' என்ற மூன்றெழுத்தும் அப்படித்தான். விலை, காப்புறுதி, கப்பற் கட்டணம் மூன்றும் விற்பவருடைய செலவு என்பது சரி. ஆகவே கொழும்புக்கு வந்து சேரும்வரை சரக்கின் ஆபத்தும் அவருடையதே என்று இறக்குமதியாளர் பலர் கருதுகிறார்கள். சர்வதேச வர்த்தகச் சம்மேளனத்தின் 'இன்கோடேர்ம்ஸ் 2020' விதிகளின்படி, ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியவுடனேயே ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. செலவு எதுவரை, ஆபத்து எதுவரை என்பன இரண்டு வேறு கேள்விகள்.

சின்னச் சொற்களின் பெரிய வேலை

உயர் சொல்வளம் நீளமான சொற்களில்தான் இருக்கிறது என்பது இன்னொரு தப்பெண்ணம். நாணயக் கடிதங்களை ஆளும் 'யூ.சி.பி. 600' விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்களுக்கு அவை கொடுத்திருக்கும் பொருளைப் பாருங்கள்.

தொகைக்கோ அளவுக்கோ முன்னால் 'எபவுட்' என்று இருந்தால் 10 வீதம் கூடலாம், குறையலாம். 'எபவுட் 50,000 டொலர்' என்றால் 45,000 முதல் 55,000 வரை. திகதிக்கு முன்னால் 'ஒன் ஓர் எபவுட்' என்று வந்தால் 5 நாட்கள் முன்னும் 5 நாட்கள் பின்னும். ஓகஸ்ட் 10 என்றால், இரு அந்தங்களும் உட்பட, ஓகஸ்ட் 5 முதல் 15 வரை கப்பலேற்றலாம்.

'ஃப்ரொம்' என்ற சொல் கப்பலேற்றும் காலத்தைக் குறிக்கும்போது சொல்லப்பட்ட திகதியையும் உள்ளடக்கும். பணம் செலுத்தும் தவணையைக் கணக்கிடும்போது அந்தத் திகதியை உள்ளடக்காது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டும் எப்போதும் அந்தத் திகதியை விலக்கியே நிற்கும். மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10 வரை. 'மிடில்' என்றால் 11 முதல் 20 வரை. 'என்ட்' என்றால் 21 முதல் மாதம் முடியும்வரை. 'பிரொம்ப்ட்', 'இம்மீடியட்லி', 'அஸ் சூன் அஸ் பொசிபிள்' போன்ற அவசரச் சொற்களைக் கடிதத்தில் எவ்வளவு எழுதினாலும், ஓர் ஆவணத்திலேயே அவை வரவேண்டும் என்று கேட்கப்பட்டிருந்தாலன்றி, வங்கி அவற்றைக் கணக்கிலெடுக்காது. அவசரம் என்றால் திகதியைக் குறிப்பிட வேண்டும்.

ஆவணத்தில் ஒரு நாள் பிழைத்தால் வங்கி அதனை 'டிஸ்கிரெபன்சி', அதாவது முரண்பாடு என்று குறித்து, பணம் தர மறுக்கலாம். சரக்கு போய்ச் சேர்ந்த பின்னர் விலையைக் குறைக்குமாறு கொள்வனவாளர் பேரம் பேசுவதற்கும் அதுவே வாசலாகிவிடும்.

சொற்களுக்கும் குடும்பம் உண்டு

மத்ரஸாவில் ஸர்ஃப் படித்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்வளம் கற்பிப்பது இலகு. அய்ன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகளிலிருந்து இல்ம், ஆலிம், மஃலூம், முஅல்லிம், தஃலீம் என்று ஒரு குடும்பமே பிறப்பதை அவர் அறிவார். ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்பான அமைப்பு உண்டு. அங்கே வேர்கள் பெரும்பாலும் இலத்தீனிலிருந்து வந்தவை.

'கிரெட்' என்ற வேருக்கு நம்புதல் என்று பொருள். 'கிரெடிட்' என்பது நம்பிக் கொடுப்பது. 'கிரெடிட்டர்' நம்பிக் கொடுத்தவர், அதாவது கடன் கொடுநர். 'கிரெடிபிள்' நம்பத்தக்கது. 'கிரெடென்ஷியல்' நம்புவதற்கான அத்தாட்சி. 'டிஸ்கிரெடிட்' நம்பிக்கையைக் கெடுப்பது. ஒரு வேருக்குள் ஐந்து சொற்கள். 'வோக்' என்றால் அழைத்தல். 'ரிவோக்' என்றால் திருப்பி அழைத்தல். 'ரெவொகபிள்' திருப்பி அழைக்கக்கூடியது. 'இர்ரெவொகபிள்' திருப்பி அழைக்க முடியாதது. 'இர்ரெவொகபிள்' என்ற சொல்லை இப்படிப் பிரித்துக் கற்றவர், தான் வழங்கும் அற்றோணித் தத்துவத்தில் அதைக் கண்டவுடன் நிறுத்தி யோசிப்பார்: 'நினைத்த நேரம் என்னால் இதை இரத்துச் செய்ய முடியாது போலிருக்கிறதே!'

இன்னொரு விடயம். வர்த்தக ஆங்கிலம் எமக்கு முற்றிலும் அன்னியமானதல்ல. வரிப்பட்டியலைக் குறிக்கும் 'டரிஃப்' என்ற சொல் அறிவித்தல் எனப் பொருள்படும் 'தஃரீஃப்' என்ற அறபுச் சொல்லின் வழிவந்தது. பொதியின் வெற்று நிறையைக் குறிக்கும் 'டெயார்', கழித்து எறியப்படுவது என்ற பொருளுடைய அறபுச் சொல்லிலிருந்து வந்தது. மொத்த நிறையிலிருந்து அதைக் கழித்தால் வருவதே தேறிய நிறை. மேலே கண்ட 'எவரேஜ்' என்பதன் மூலமும் பழுதடைந்த சரக்கைக் குறிக்கும் அறபுச் சொல்லே என்பர். பேருவளையில் மாணிக்க வியாபாரம் செய்பவர் நாளொன்றுக்கு நூறு தடவை உச்சரிக்கும் 'கரட்' என்பது அறபியின் 'கீராத்'. மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிமத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரோ, தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து பிறந்தது. கடல் கடந்து வணிகம் செய்த எமது முன்னோரின் சொற்கள் இவை. இம்மொழியைக் கண்டு நாம் கூச வேண்டியதில்லை.

சொல் தனியே நடப்பதில்லை

ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பழக்கமான துணைச்சொல் ஒன்று உண்டு. ஓடரை 'பிளேஸ்' செய்வர். இன்வொய்ஸை 'ரெய்ஸ்' செய்வர். பில்லை 'செட்டில்' செய்வர். நட்டத்தை 'இன்கர்' செய்வர். காசோலையை வங்கி 'ஒனர்' செய்யும். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'எபவுட்' வராது. தமிழில் 'விலையைப் பற்றிக் கலந்துரையாடினோம்' என்று சொல்லும் பழக்கத்தால் அதைச் சேர்த்துவிடுகிறோம். பொருள் மட்டும் தெரிந்து துணை தெரியாதவரின் கடிதம் விளங்கும். ஆனால் எதிர்த்தரப்பாருக்கு அது புதியவர் ஒருவரின் கடிதமாகத் தோன்றும். நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

நீளமான சொல் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'யூஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'யூட்டிலைஸ்' என்றும், 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதில் 'கொமென்ஸ்' என்றும் எழுதினால் கடிதம் கனக்குமேயொழிய உயராது. வாசிக்கும்போது நூறு கடினமான சொற்களை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வேண்டும். எழுதும்போது இலகுவான சொற்களைத் தெரிந்தெடுக்கும் பக்குவம் வேண்டும். கடினமான சொல்லை அதற்கு மாற்றில்லாத இடத்தில் மட்டும் பாவிப்பதே தேர்ச்சியின் அடையாளம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

1. உங்கள் கோப்புகளிலிருந்தே ஆரம்பியுங்கள். கடையின் குத்தகை ஒப்பந்தம், வாகன லீசிங் பத்திரம், காப்புறுதிப் பத்திரம், பழைய நாணயக் கடிதம் ஆகியவையே உங்களுடைய முதலாவது பாடநூல்கள். விளங்காத சொற்களுக்கும், விளங்கியது போலிருந்து இடத்துக்குப் பொருந்தாத சொற்களுக்கும் பென்சிலால் கோடிடுங்கள்.

2. கொப்பி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: தமிழ்ப் பொருள், அது வந்த வாக்கியம், அதன் துணைச்சொல், உங்கள் தொழிலைப் பற்றி நீங்களாகவே எழுதிய ஒரு வாக்கியம். இந்த நான்காவதுதான் சொல்லை மனதில் இருத்தும்.

3. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். வெள்ளிக்கிழமை புதிய சொல் வேண்டாம், மீட்டல் மட்டும். வாரத்துக்கு 30, ரமழானையும் பெருநாட்களையும் கழித்து வருடத்தில் 45 வாரங்கள் என்று வைத்தாலும் 1,350 சொற்கள். அவற்றில் கால்வாசி மறந்துபோனாலும் ஓராயிரம் எஞ்சும்.

4. மீட்டலை விட்டுவிடாதீர்கள். கற்றதில் பெரும்பகுதி விரைவிலேயே மறந்துபோகும் என்பதை ஜேர்மனிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இலேயே பரிசோதித்துக் காட்டினார். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே மீட்டுவது பயன் தரும். இது எமக்குப் புதிதல்ல. ஹிப்ழ் மத்ரஸாவில் புதிய பாடம், அண்மைய பாடம், பழைய பாடம் மூன்றையும் நாள்தோறும் ஒப்புவிக்கும் பிள்ளை செய்வதும் இதுவே.

5. கற்போருக்கான அகராதியை வாங்குங்கள். லோங்மன் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அகராதி எந்தச் சொல்லையும் சுமார் 2,000 இலகு சொற்களுக்குள் விளக்கியது. ஹோன்பி தொகுத்த ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியும் கற்போருக்கென்றே உருவானது. தமிழ்ப் பொருள் மட்டும் தரும் அகராதி சொல்லின் துணைகளைக் காட்டாது.

6. இரு மொழிகளிலும் ஒப்பிட்டு வாசியுங்கள். எமது நாட்டின் சட்டங்கள் மூன்று மொழிகளிலும் அச்சிடப்படுகின்றன. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாளுக்கு ஒரு பிரிவு வாசித்தால் பணிப்பாளர், பங்குதாரர், ஒடுக்குதல் ஆகியவற்றுக்கான சொற்கள் தாமாகவே படியும். மத்திய வங்கியின் தமிழ், ஆங்கில வெளியீடுகளும், அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் இதற்கு உதவும்.

7. வீட்டில் பகிர்ந்துகொள்ளுங்கள். உயர்தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் மகளுக்கும் கடை நடத்தும் வாப்பாவுக்கும் ஒரே கொப்பி இருக்கலாம். அவளுக்குச் சொல் தெரியும், இவருக்கு விடயம் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருவரும் கற்பார்கள்.

கேட்பதில் வெட்கமில்லை

சொல்வளம் சட்டத்தரணிக்கு மாற்றீடாகாது. பெருந்தொகைப் பத்திரங்களைச் சட்டத்தரணியிடம் காட்டியே ஆக வேண்டும். ஆனால் சொல் தெரிந்தவருக்குத்தான் எந்த வரியைப் பற்றிக் கேட்பது என்று தெரியும். 'இந்த வேவர் வாசகத்தை நீக்க முடியுமா?', 'எனது பொறுப்புக்கு உச்சவரம்பு ஒன்றை எழுத முடியுமா?', 'இந்தக் கடிதம் அட்வைஸ் மட்டும்தானா, கொன்ஃபேர்ம் செய்யப்பட்டதா?' என்று கேட்கும் வாடிக்கையாளரை எந்த முகாமையாளரும் அலட்சியம் செய்ய மாட்டார். சில வேளைகளில் பதில் 'முடியாது' என்று வரலாம். அப்போதும் அவர் தெரிந்துகொண்டு ஒப்பமிடுகிறார், அல்லது தெரிந்துகொண்டு விலகுகிறார்.

எமது வியாபாரிகளின் வாய்ச்சொல்லுக்குச் சந்தையில் இருந்த மதிப்பு தலைமுறைகள் கடந்து சேர்த்த சொத்து. சொன்ன சொல் மாறாதவர் என்று பெயரெடுத்த ஒருவர், தான் எழுதிக் கொடுத்த சொல் என்னவென்று அறியாதிருப்பது பொருத்தமானதல்ல. இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே அலுமாரியிலுள்ள கோப்பு ஒன்றை எடுங்கள். ஐந்து சொற்களுக்குக் கோடிடுங்கள்.